மூன்று வாயில்லாப் பூச்சிகள்

"வேண்டாம்" என்று பட்டாபிராமன் சொன்னது அது ஒன்பதாவது தடவை. அதற்குள் அவருடைய பை குதிரை வண்டியில் ஏறிவிட்டது.

"பை ஏறிடுச்சு. இனி நீங்க ஏறுறதுதான் பாக்கி சாமி" என்றார் வண்டிக்காரர். "அம்மா, பாத்து. படியில காலை வையுங்க."

பாகீரதி காலை வைத்தே விட்டாள்.

"ஏண்டி, நான் வேண்டாம்ங்கறேன், நீ பாட்டுக்கு ஏறிண்டிருக்கே!"

"பை போறதேன்னா. அதுலதானே என் மூக்குக் கண்ணாடி இருக்கு."

தஞ்சாவூர் ரயிலடியில் இப்படித்தான் அவர்களுடைய ஊர் சுற்றல் ஆரம்பமாயிற்று.

கல்யாணமாகி இருபத்தேழு வருஷம். குத்தாலத்துக்குப் பக்கத்தில் பெருங்கரையிலிருந்து பட்டாபிராமன் தன் மனைவியை ஊர் பார்க்க அழைத்து வந்தது இதுதான் முதல் தடவை. பாகீரதிக்கு இரண்டே ஆசை. பெரிய கோயிலைச் சாவகாசமாகப் பார்க்க வேண்டும், ஒரு தலையாட்டி பொம்மை வாங்க வேண்டும். பட்டாபிராமனின் மனசு முழுக்கச் சாயங்காலம் நாலு மணியில் இருந்தது. அதை அவர் அவளிடம் சொல்லவில்லை. நிலம் நீச்சு விஷயத்தைப் பொம்மனாட்டிகளிடம் சொல்வது அவர் வழக்கமில்லை.

நாலு மணிக்கு மேலவீதியில் வக்கீல் வீட்டில் மூன்று பேர் அவருக்குக் கைநாட்டு வைக்க வேண்டும். வைத்தால் மூன்று வேலி நிலம் தங்கும். வைக்காவிட்டால் போச்சு.

கதை இதுதான். ஒரு குடும்பம் இவ்வளவு நிலத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்று சர்க்கார் உச்சவரம்பு கொண்டுவந்த வருஷம், தஞ்சாவூர் ஜில்லாவில் மிராசுதார்களெல்லாம் ஒரே வாரத்தில் ஏழைகளானார்கள். நிலம் மாமியார் பேருக்குப் போயிற்று, சமையல்காரர் பேருக்குப் போயிற்று, ஒரு வீட்டில் செத்துப்போன பெரியப்பா பேருக்குக்கூடப் போயிற்று. பட்டாபிராமன் கெட்டிக்காரர். உள்ளூர் ஆள் பேருக்கு எழுதினால் நாளைக்கே கொடியை நட்டுக் கதிரை அறுத்துக்கொள்வான் என்று கணக்குப் போட்டார்.

"நாத்துக்கும் கோரைக்கும் வித்தியாசம் தெரியாத டவுன் ஆளாப் பாருய்யா" என்று வக்கீல் குமாஸ்தா ரெத்தினத்திடம் சொன்னார்.

ரெத்தினம் பார்த்தார். பெரிய வாய்க்கால் பங்கு மூன்று வேலி, இருபது ஏக்கர், ஆளுக்கு ஒரு வேலியாக வேம்பு, கண்ணுசாமி, பஞ்சநதம் என்று மூன்று பேருக்குப் போயிற்று. ஏதோ லோன் மனு என்று சொல்லி அவர்களிடம் கைநாட்டு வாங்கியதோடு சரி. பட்டாபிராமனுக்குப் பேர் தெரியும். முகம் தெரியாது.

"ஆளுங்க எப்படிய்யா?"

"வாயில்லாப் பூச்சிங்க சாமி. கேட்ட எடத்துல கை வச்சிட்டுப் போயிடுவாங்க."

இரண்டு வருஷம் நிம்மதியாகத்தான் போயிற்று. இப்போது யாரோ மொட்டைக் கடுதாசி போட்டு, வருகிற திங்கட்கிழமை தாலுகா ஆபீசில் விசாரணை. அதற்குள் அந்த மூன்று பேரும், நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் சகல அதிகாரமும் பட்டாபிராமனுக்கே என்று பவர் பத்திரத்தில் விரலை ஒற்றிக் கொடுத்துவிட வேண்டும். இன்றைக்குச் சனிக்கிழமை.

"மேலவீதிக்குப் போப்பா" என்றார் பட்டாபிராமன்.

"கோயிலுக்குத்தானே சாமி? வெயில் ஏறுறதுக்குள்ள பாத்துடுங்க."

"மேலவீதிங்கறேன்!"

வண்டிக்காரர் கேட்டிருந்தாலும் குதிரை கேட்கவில்லை. எங்கே நிற்க வேண்டும் என்று அதற்குத் தெரியும். நேராகப் பெரிய கோயில் வாசலுக்கு வந்து, ஒரு பொம்மைக் கூடைக்கு முன்னால் நின்று, தலையை ஆட்டியது. கூடையில் இருந்த பன்னிரண்டு பொம்மைகளும் பதிலுக்கு ஆட்டின.

"வாங்கம்மா, வாங்க சாமி. சும்மா பாருங்க. பாக்குறதுக்குக் காசு கிடையாது" என்றாள் பொம்மைக்காரி.

விற்க வருகிறவர்களின் கண்ணைப் பார்த்தால்தான் வம்பு என்று பட்டாபிராமனுக்கு ஒரு சித்தாந்தம் உண்டு. கண்ணைப் பார்க்காமல் விமானத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தார். மூன்றாவது அடியில் கூடையை உதைத்தார். இரண்டு பொம்மைகள் உருண்டு, எழுந்து, ஒன்றும் நடக்காததுபோலத் தலையை ஆட்டின.

"ஒடையலை சாமி, கவலைப்படாதீங்க. கால் பட்ட பொம்மை, நீங்கதான் எடுத்துக்கணும்."

"ஆத்துல நெறைய இருக்கு."

"எங்கேன்னா இருக்கு?" என்றாள் பாகீரதி.

"நீ சும்மா இருடி!"

"இருக்குற ராஜாவுக்கு இந்த ராணியை ஜோடி சேத்துடுங்க சாமி. நாலு ரூவா."

பட்டாபிராமனிடம் இன்னொரு ஆயுதம் இருந்தது. கேட்டவர்கள் காறித் துப்பிவிட்டுப் போகிற மாதிரி ஒரு விலை கேட்பது.

"எட்டணா."

பொம்மைக்காரி அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். பொம்மையை எடுத்துத் துடைத்தாள். "போணி நேரம். ஆகட்டும், எட்டணாவே குடுங்க."

பட்டாபிராமனுக்குப் பகீரென்றது. நாலு ரூபாய்ச் சாமானை எட்டணாவுக்குக் கொடுக்கிறாள் என்றால் அது நாலணாகூடப் பெறாது. "வேண்டாம்" என்றார்.

"என்ன சாமி இது! போணி நேரத்துல விலை கேட்டு, நானும் சரின்னப்பறம் வாங்காமப் போறீங்களே. அப்புறம் எனக்கு இன்னிக்குப் பூரா ஒண்ணும் விக்காது."

"அதுக்கு நான் என்ன பண்ண?"

"போணி பண்ணிட்டுப் போங்க."

அவர் போணி பண்ணாமல் போனார். அவள் கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். கோயிலைச் சுற்றி எத்தனை லிங்கம் என்று பாகீரதி எண்ண ஆரம்பித்தாள். நாற்பதுக்கு மேல் எண்ண முடியவில்லை. ஒவ்வொரு லிங்கத்துக்கும் நடுவே, "எட்டணாதான் சாமி" என்று ஒரு குரல்.

வெளியே வந்தால் வண்டிக்காரர் நின்றுகொண்டிருந்தார். "அடுத்து சாப்பாடுதானே சாமி?"

"சாப்டாச்சு."

"எப்ப சாமி? நான்தானே கூடவே இருக்கேன்."

"ரயில்லயே சாப்டாச்சு!"

"ஏன்னா, பசிக்கறது" என்றாள் பாகீரதி.

அந்த வார்த்தைக்காகவே காத்திருந்தவர்போல, ஈரத்துண்டு போட்ட ஒருவர் எதிர்ச்சாரியிலிருந்து ஓடி வந்தார். அவருக்குப் பின்னால் இருந்த ஓட்டல் போர்டில் 'பிராமணாள்' என்ற முதல் வார்த்தையைத் தார் பூசி அழித்திருந்தார்கள். 'காபி கிளப்' மட்டும் மிச்சம்.

"வாங்க சாமி, வாங்கம்மா! பொன்னி அரிசிச் சோறு, வத்தக்குழம்பு, ஃபேனுக்குக் கீழ எடம்!"

"வேண்டாம்."

"அம்மா உள்ள போயிட்டாங்களே சாமி."

போயிருந்தாள். பட்டாபிராமன் அவளை இழுத்து வர உள்ளே போனபோது அவருக்கும் சேர்த்து இலை விழுந்திருந்தது. ஓட்டல்காரர் அதில் தண்ணீரும் தெளித்துவிட்டார்.

"நான் சாப்பிடப் போறதில்லை."

"இலை போட்டுத் தண்ணி தெளிச்சாச்சு சாமி. சோறு விழாம எடுத்தா குடும்பத்துக்கு ஆகாதும்பாங்க. எனக்கொண்ணும் இல்லை. உங்களுக்காகச் சொல்றேன்."

"அவர் சொல்றது சரிதான்னா. மடிக்கப்படாது" என்றாள் பாகீரதி, அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே.

பட்டாபிராமன் கோபத்தோடு உட்கார்ந்து, கோபத்தோடு இரண்டு தரம் வத்தக்குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மூன்றாம் தரம் மோருக்குக் கை நீட்டியபோது ஜன்னல் கம்பிக்கு வெளியே ஒரு ராணி தலையை ஆட்டினாள்.

"சாப்டுட்டு வாங்க சாமி. அவசரமில்லை."

அவருக்குப் புரையேறிவிட்டது.

வெளியே வந்தபோது மணி பன்னிரண்டரை. அப்போதுதான் எதிர்ப் பெட்டிக்கடையில் தொங்கிய துண்டுகள் அவர் கண்ணில் பட்டன. ஆளுங்கட்சியின் மாவட்ட மாநாடு அடுத்த வாரம். கறுப்பு சிவப்புக் கரைத் துண்டு மலை மலையாகக் குவிந்து கிடந்தது. கரைத் துண்டு போட்ட ஆளிடம் ஊரில் எவனும் வாலாட்டுவதில்லை என்பது அவர் கண்ணால் கண்ட விஷயம். பெருங்கரையில் அந்தத் துண்டைக் கண்டால் அவரே ஒதுங்கி வழி விடுவார்.

ஒன்று வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"என்னன்னா இது!"

"சும்மா வா. இனிமே பாரு, ஒருத்தன் கிட்ட வர மாட்டான்."

பத்து அடி நடந்தார். ஒருவரும் கிட்ட வரவில்லை. பதினோராவது அடியில் ஒரு கிழவர் கும்பிட்டார்.

"தலைவரே, எங்க தெருக் குழாய்ல தண்ணி வந்து ஆறு மாசம் ஆச்சு."

பட்டாபிராமன் வேகமாக நடந்தார். "மாநாட்டுக்கு வந்த அண்ணன்" என்று யாரோ சொன்னார்கள். ஒருத்தி ரேஷன் கார்டோடு வந்தாள். ஒருவர் தெருவிளக்குக்கு மனுவோடு வந்தார். பின்னால் பார்த்தால் வண்டிக்காரர், பொம்மைக்காரி, ஓட்டல்காரர் மூவரும் ஆளுக்கொரு காகிதத்தோடு ஓடி வருகிறார்கள்.

"நீங்க யாருன்னு தெரியாமப் போச்சே அண்ணே!" என்றார் வண்டிக்காரர். "சர்க்கார்லேருந்து வந்திருக்கு. தமிழ்லதான் இருக்கு, என்ன சொல்லுதுன்னுதான் புரியலை. ஆபீஸ் தமிழ்."

"எனக்கும் வந்திருக்கு தலைவரே. நான் எழுத்துக் கூட்டிப் படிச்சிடுவேன். ஆனா, இதுல 'மேற்காண் பொருள் சார்ந்து'ங்கறதுக்கு மேல போக முடியலை" என்றார் ஓட்டல்காரர்.

பட்டாபிராமனுக்கு அழுகை வரும்போல் இருந்தது. அன்றைக்கு அவர் செய்த காரியங்களில் அடுத்ததுதான் ரொம்பப் புத்திசாலித்தனமானது என்று அவரே நினைத்துக்கொண்டார். பாவம்.

"இதோ, இந்தம்மா எட்டாம் வகுப்பு. பேப்பரை ஒரு வரி விடாமப் படிப்பா. எல்லாரும் அவகிட்ட குடுங்க" என்று பாகீரதியைத் திரும்பக் கோயிலுக்குள் கூட்டிப் போய்ப் புல்தரையில் உட்கார வைத்துவிட்டு, ஒரு தூண் மறைவில் போய்த் துண்டால் முகத்தை மூடிப் படுத்தார்.

இருபத்தேழு வருஷத்தில் பாகீரதியிடம் யாரும் எதையும் படித்துச் சொல்லக் கேட்டதில்லை. மூக்குக் கண்ணாடியை எடுத்து, முந்தானையால் துடைத்து, மாட்டிக்கொண்டாள். ரேஷன் கார்டுக்கு யாரைப் பார்ப்பது என்று சொன்னாள். தெருவிளக்கு மனுவில் இரண்டு பிழையைத் திருத்தினாள். அப்புறம் பொம்மைக்காரியின் காகிதத்தைப் பிரித்தாள். ஒரு தரம் படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் திரும்பத் துடைத்து, இன்னொரு தரம் படித்தாள்.

மூன்று மணிக்கு வந்து கணவரை எழுப்பினாள்.

"ஏன்னா, அந்தப் பொம்மைக்காரி இருக்காளே, அவ காகிதத்துல..."

"போதும்."

"இல்லேன்னா, நம்ம ஊர்..."

"பாகீரதி!" பட்டாபிராமன் எழுந்து உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது. "பொம்மைக்காரி, வண்டிக்காரன், ஓட்டல்காரன், இந்த மூணு பேரைப் பத்தி இன்னிக்குப் பொழுது சாயற வரைக்கும் ஒரு வார்த்தை உன் வாயிலேருந்து வரப்படாது. புரியறதா? என் மேல ஆணை."

"ஆணைன்னா சொல்றேள்?"

"ஆணை."

"சரி" என்றாள் பாகீரதி. ஆணையை மீறுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. அந்த ஒரு குணத்தை அவர் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறார்.

கோயில் வாசலில் அந்த மூவரும் காத்திருந்தார்கள். முகத்தில் காலையில் இல்லாத ஒரு சிரிப்பு.

"அம்மா, இந்தாங்க" என்று பொம்மைக்காரி ராணியைப் பாகீரதியின் கையில் வைத்தாள். "காசு வேண்டாம். சும்மா வச்சுக்குங்க."

"மேலவீதிக்குத்தானே போகணும்னீங்க? ஏறுங்கம்மா, கூலி வேண்டாம்" என்றார் வண்டிக்காரர்.

"அம்மாவுக்கு ஒரு காபி. கடைக் கணக்கில்லை, நம்ம கணக்கு" என்று டம்ளரோடு நின்றார் ஓட்டல்காரர்.

பட்டாபிராமன் இரண்டு அடி பின்வாங்கினார். காசுக்குத் துரத்துகிறவனை விரட்டிவிடலாம். சும்மா கொடுக்கிறவனை எப்படி விரட்டுவது? மூன்று பேர் சேர்ந்து சும்மா கொடுக்கிறார்கள் என்றால் இதில் மகா மோசடி ஏதோ இருக்கிறது. வாசலில் ஒரு போலீஸ் ஏட்டு நிழலுக்கு ஒதுங்கி நின்றுகொண்டிருந்தார். பட்டாபிராமன் நேராக அவரிடம் போனார்.

"இந்த மூணு பேரும் காலையிலேருந்து வெளியூர்க்காராளைத் துரத்தித் துரத்தி இம்சை பண்றா."

ஏட்டு அவரைப் பார்க்கவில்லை. தோளில் கிடந்த துண்டைப் பார்த்தார். லத்தி கக்கத்துக்குள் போயிற்று. "சரிங்க தலைவரே. நீங்க சொன்னாப் போதும். டேய், வண்டியைத் திருப்பு ஸ்டேஷனுக்கு! ஏம்மா, நீயும் ஏறு."

"நாலு மணிக்கு ஒரு எடத்துக்குப் போவணும்ங்க" என்று வண்டிக்காரர் கெஞ்சினார்.

"ஸ்டேஷனுக்குப் போயிட்டுப் போவலாம்."

பாகீரதி வாயைத் திறந்தாள். பட்டாபிராமன் விரலை உயர்த்தினார். பாகீரதி வாயை மூடிக்கொண்டாள். கையில் ராணி மட்டும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் ஒரு பிரச்னையும் இல்லை. மேலவீதி வரைக்கும் ஜம்மென்று நடந்தார்கள். வக்கீல் வீட்டு முனையில் துண்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். மணி நாலடிக்க ஐந்து நிமிஷம்.

முன்கட்டில் பத்திரம், மைப் பெட்டி எல்லாம் தயாராக இருந்தது. கைநாட்டுக்காரர்கள்தான் இல்லை. நாலேகால் ஆயிற்று. நாலரை ஆயிற்று.

"எங்கேய்யா உம்ம வாயில்லாப் பூச்சிங்க?"

குமாஸ்தா ரெத்தினம் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நேரத்துக்கு வர்ற ஆளுங்கதான் சாமி. இப்பதான் தகவல் வந்துச்சு. எவனோ வெளியூர்க் கட்சிக்காரன் சொன்னான்னு ஏட்டு புடிச்சு ஸ்டேஷன்ல உக்கார வச்சிட்டாராம். ஐயாகிட்ட லெட்டர் வாங்கி அனுப்பியிருக்கேன், விட்டுடுவாங்க."

"எந்தப் படுபாவிய்யா அவன்? என் காரியத்தைக் கெடுக்கன்னே கிளம்பி வந்தானா?"

பாகீரதி இருமினாள்.

"அவனுக்கு என்ன கேடு? ஏழை பாழைகளைப் போலீஸ்ல புடிச்சுக் குடுக்கறதுக்கு எப்படி மனசு வந்தது!"

பாகீரதி இன்னும் பலமாக இருமினாள்.

"ஜலம் குடியேண்டி!"

வாசலில் குதிரைச் சலங்கை கேட்டது. வண்டி வந்து நின்றது. அந்தக் குதிரை பட்டாபிராமனைப் பார்த்துத் தலையை ஆட்டியது.

வண்டிக்காரர் இறங்கினார். ஈரத்துண்டோடு ஓட்டல்காரர் இறங்கினார். கூடையோடு பொம்மைக்காரி இறங்கினாள்.

"இங்கேயும் வந்துட்டேளா!" என்று பட்டாபிராமன் கத்தினார். "ரெத்தினம், இவாளை முதல்ல வெளியில தள்ளும்!"

ரெத்தினம் திருதிருவென்று விழித்தார். "சாமி, இவங்கதானே... இது கண்ணுசாமி. இவரு பஞ்சநதம். இதுதான் வேம்பு."



பட்டாபிராமன் மெல்ல உட்கார்ந்தார். பிறகு எழுந்து நின்றார். பிறகு, அன்றைக்கு முதல் தடவையாக, "வாங்க" என்றார். "உக்காருங்க. வெயில்ல வந்திருக்கேள். ரெத்தினம், மோர் கொண்டுவரச் சொல்லும்."

மூவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"சின்ன விஷயம்தான்" என்று பட்டாபிராமன் மைப் பெட்டியைத் திறந்து, இரண்டு கையாலும் நீட்டினார். "சாதாரணக் காகிதம். ஒரு விரல் வச்சாப் போதும். ரொம்ப உசத்தி மை, கையில ஒட்டவே ஒட்டாது."

"வேண்டாம் சாமி" என்றார் கண்ணுசாமி.

"ஒரே ஒரு விரல்."

"வேண்டாம்."

"சரி, உங்களுக்குக் கஷ்டமா இருந்தா இடது கை."

"வேண்டாம்னா விடுங்க சாமி. ஏன் இப்படித் தொல்லை பண்றீங்க?" என்றார் பஞ்சநதம், அவர் கண்ணைப் பார்க்காமல் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு. "பெரிய வாய்க்கால் பங்கு, ஆளுக்கு ஒரு வேலி, உங்க நிலம்தானான்னு திங்கட்கிழமை வந்து சொல்லுங்கன்னு சர்க்கார் கேட்டிருக்கு. போய்ச் சொல்லப் போறோம்."

"யாரு சொன்னா உங்களுக்கு? எந்தப் பாவி படிச்சுச் சொன்னான்?"

மூன்று பேரும் பாகீரதியைப் பார்த்தார்கள்.

பாகீரதி ஜன்னல் பக்கம் திரும்பினாள். இன்னும் பொழுது சாயவில்லை. வாயைத் திறக்காமல் மடியில் இருந்த ராணியைக் கணவர் பக்கம் திருப்பி வைத்தாள். அது ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டியது.

"அப்ப... அப்ப என் நிலம்?" என்றார் பட்டாபிராமன்.

வேம்பு கூடைக்குள் கையை விட்டாள். பொம்மைகளுக்கு அடியிலிருந்து காகிதத்தை எடுத்து, முந்தானையால் துடைத்து, அவருக்கு முன்னால் அழகாக விரித்து வைத்தாள்.

"சும்மா பாருங்க சாமி. பாக்குறதுக்குக் காசு கிடையாது."